யார் சொன்னால் ஏறும்?

பழைய நூலகங்களில் அலமாரியின் கீழ்த்தட்டில் பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியத்தைப் பார்த்திருப்பீர்கள். 1946ல் தி.சு. அவினாசிலிங்கம் தொடங்கிய தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் வேலை அது. முதல் தொகுதி 1954ல் வந்தது, பத்தாவது 1968ல். பெரியசாமித் தூரன் முதன்மைப் பதிப்பாசிரியர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறிஞர்கள் எழுதினார்கள். அத்தனை பேரிடமும் கட்டுரை கேட்டு, நினைவூட்டி, வாங்கித் திருத்தி... சிற்றிதழ் ஒன்றுக்காக நாலு நண்பர்களிடம் கட்டுரை கேட்டுப் பார்த்தவன் என்ற முறையில் எனக்கு நினைத்தாலே மூச்சு வாங்குகிறது. ஆனால் யார் எழுதலாம் என்பதில் அவர்களுக்குச் சிக்கலே இல்லை. அழைக்கப்பட்டவர் எழுதுவார். அவ்வளவுதான்.

தமிழ் விக்கிப்பீடியா 2003ல் தொடங்கியபோது இது தலைகீழானது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், எழுதத்தான் ஆள் இல்லை. அந்த ஆண்டு நவம்பரில் உள்ளே வந்தவர் இ. மயூரநாதன். யாழ்ப்பாணத்துக்காரர், அமீரகத்தில் வேலை பார்த்த கட்டடக் கலைஞர். ஆரம்ப காலத்தில் ஏறக்குறைய தனியாளாக உட்கார்ந்து கட்டுரை கட்டுரையாக எழுதிக்கொண்டிருந்தார். 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருது அவருக்குக் கிடைத்தது. இத்தனை ஆண்டு உழைப்புக்கு நம்மில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும் என்று யோசித்தால் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஆள் சேர்க்கப் பல வழிகளைப் பார்த்தார்கள். 2010ல் கோவையில் செம்மொழி மாநாடு நடந்ததையொட்டிக் கல்லூரி மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டி வைத்தார்கள். 2018ல் இந்திய மொழிகளுக்கிடையே வேங்கைத் திட்டம் என்ற போட்டி வந்தது. மடிக்கணினியும் இணையக் கட்டணமும்கூடக் கொடுத்தார்கள். அந்த முறை பஞ்சாபி முதலிடம், தமிழ் இரண்டாமிடம். அடுத்த முறை தமிழ் ஜெயித்தது. சந்தோஷம்தான். ஆனால் போட்டிக்காக வந்தவர் போட்டி முடிந்ததும் போய்விடுவது எல்லா மொழியிலும் நடக்கிறது. நான் பார்த்தவரை ஆளைப் பிடித்து வைப்பது பரிசு இல்லை. புதிதாக வந்தவர் முதல் திருத்தம் செய்த அன்றே, பேச்சுப் பக்கத்தில் இன்னொருவர் வந்து "வாங்க, நல்லா இருக்கு, இந்த ஒரு வரிக்கு மட்டும் சான்று சேர்த்துடுங்க" என்று எழுதுகிறாரே, அதுதான்.

அந்தச் சான்று என்ற இடத்தில்தான் வடசென்னைக்காரனுக்குக் கால் இடறும்.

ராயபுரம் ரயில் நிலையம் 1856ல் திறந்தது, அங்கிருந்து வாலாஜா ரோடுக்கு வண்டி ஓடியது. இதற்குச் சான்று கொட்டிக் கிடக்கிறது. திருவொற்றியூரில் 1955 வாக்கில் என்ஃபீல்டு வந்ததற்கும் இருக்கிறது, எண்ணூரில் அசோக் லேலண்ட் வந்ததற்கும் இருக்கிறது. கம்பெனிகள் தங்கள் வரலாற்றை அச்சிட்டு வைத்திருக்கின்றன. அந்த கேட்டுக்கு வெளியே மூன்று தலைமுறையாக வாழ்ந்தவர்களைப் பற்றி அச்சில் என்ன இருக்கிறது? செய்தித்தாளில் பெரும்பாலும் குற்றச் செய்தி. கலைக்களஞ்சியத்தில் சொந்த ஆய்வு கூடாது என்பது விதி, அந்த விதியில் நியாயமும் இருக்கிறது. இல்லையென்றால் ஆளாளுக்குத் தன் சாதிப் பெருமையை ஏற்றிவிட்டுப் போவான். ஆனால் அதே விதிப்படி, கழிமுகத்தில் எந்த மாதம் எங்கே இறால் கிடைக்கும் என்று தெரிந்த எண்ணூர்ப் பெண்ணின் வாய்ச்சொல் சான்றாகாது. யாராவது ஓர் ஆய்வாளர் வந்து கேட்டு, இதழில் போட்டால் ஆகும்.

வாய்ச்சொல்லை நேராக ஏற்கிற இடம் ஒன்று இருக்கிறது, வரைபடம். 2004ல் இங்கிலாந்தில் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் களத்தில் இருப்பதுதான் சான்று. அங்கே வாழ்கிறவர் சொன்னால் போதும். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது இதை அடிப்படையாக வைத்துத்தான் சென்னைக்காரர்கள் தண்ணீர் தேங்கிய தெருக்களைக் குறித்தார்கள். சில நாட்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தெருக்கள். யாரும் பரிசு அறிவிக்கவில்லை.

எண்ணூரில் வரைபடம் என்பது பொழுதுபோக்கு விஷயம் இல்லை. 1996ல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த கடற்கரை மேலாண்மை வரைபடத்தில் கழிமுகம் முழுசாக இருந்தது, கட்டுமானம் கூடாத பகுதியாக. பின்னால் வந்த இன்னொரு வரைபடத்தில் அதன் பெரும்பகுதி காணோம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வாங்கிய ஆவணங்களை வைத்து 2017ல் செயற்பாட்டாளர்கள் இதை வெளியே கொண்டுவந்தார்கள். தினமும் வலை போடுகிற தண்ணீர் காகிதத்தில் இல்லை என்றால் எப்படி இருக்கும்!

செயற்கைக்கோள் படத்தை வைத்துக்கொண்டு ஜெர்மனியில் உட்கார்ந்தும் கொசஸ்தலை ஆற்றின் கரையை வரைந்துவிடலாம். அந்தக் கரையின் பெயரை வரைய முடியாது. அதற்கு ஆள் நேரில் போய்க் கேட்க வேண்டும். இதைப் பட்டறையில் பவர்பாயிண்ட் போட்டுச் சொன்னால் தலையாட்டுவார்கள், மறுநாள் மறந்துவிடுவார்கள். பக்கத்தில் உட்கார்ந்து செய்தால் நடக்கிறது.

போன வருஷம் காசிமேட்டில் ஒரு டீக்கடை பெஞ்சில், விசைப்படகில் முப்பது வருஷம் போன பெரியவர் ஒருவருக்குப் போனில் அந்த வரைபடத்தைக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு நகர்த்தி நகர்த்திப் பார்த்தார்.

"நம்ம சந்து இதுல இல்லியே பா."

"இல்ல நைனா. நீங்க பேர் சொன்னா இப்பவே போட்டுறலாம்."

"நான் சொன்னா ஏறுமா?"

ஏறும் என்றேன். நம்பவில்லை. பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டுச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு இரண்டு பெயர் சொன்னார். ஒன்று இப்போது எல்லாரும் சொல்வது, இன்னொன்று அவர் சின்னப் பையனாக இருந்தபோது சொன்னது. பழைய பெயருக்கென்று வரைபடத்தில் தனிக் கட்டமே உண்டு. அதைக் காட்டியதும் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

"அப்ப மொதல்ல பழைய பேர போடு."