ஒரு எழுத்துக்காக ஒரு வரி

டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் 'லோயர்' படித்தவர்களுக்குத் தெரியும். கடைசி வரியில் ஒரு எழுத்து பிசகினால் போச்சு. புதுத் தாள், மறுபடி முதல் வரி. கம்ப்யூட்டர் வந்ததும் இந்தத் தலைவலி தீர்ந்ததா என்றால், அதுதான் இல்லை.

1971-ல் அமெரிக்காவின் பெல் லேப்ஸில் கென் தாம்ப்சன் யூனிக்ஸுக்கு ஒரு 'ஷெல்' எழுதினார். நாம் தட்டுகிற கட்டளையை வாங்கி இயந்திரத்திடம் சொல்லும் இடைத்தரகர் அது. அப்போது பெரும்பாலும் டெலிடைப்தான். தட்டுவதெல்லாம் பேப்பரில் விழும். விழுந்த மையை அழிக்க முடியுமா? அதனால் ஹாஷ் குறி தட்டினால் முந்தைய எழுத்து ரத்து. 'அட்' குறி தட்டினால் வரியே ரத்து!

1979-ல் வெளியான ஸ்டீவ் போர்னின் ஷெல், வேரியபிள்களைத் தாராளமாகக் கொண்டுவந்தது. வேரியபிள் என்பது பெயர் ஒட்டிய டப்பா. முக்கியமான டப்பா 'பாத்'. எந்தப் புரோகிராமை எங்கெங்கே தேடவேண்டும் என்கிற முகவரிப் பட்டியல் அதில் இருக்கும்.

நம்ம ஊர் மின்சார ரயில் மாதிரி வைத்துக்கொள்ளுங்களேன். தாம்பரம், சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று பட்டியல். கடைசியில் ஒரு ஸ்டேஷன் சேர்ப்பது சுலபம். நடுவில் ஒன்றைத் திருத்தவேண்டுமா? மொத்தத்தையும் திரும்ப அடிக்கணும். அவசரத்தில் குரோம்பேட்டை விட்டுப்போனால் ஸ்டேஷன் அங்கேயேதான் இருக்கும். ரயில்தான் நிற்காது. பாத் கெட்டாலும் அதே கதை. புரோகிராம் டிஸ்க்கில் பத்திரமாக இருக்கும். 'அப்படி ஒரு கட்டளையே இல்லை' என்று ஷெல் கையை விரிக்கும்.

திரும்ப அடிக்கிற அலுப்பு சும்மா விடுமா? எழுபதுகளின் இறுதியில் பெர்க்லியின் பில் ஜாய், பழைய கட்டளைகளைத் திரும்ப அழைக்கும் வசதி தந்தார். 1983-ல் டேவிட் கார்ன் தன் ஷெல்லை அறிவித்தார். அதில் வரிக்குள்ளேயே நகர்ந்து திருத்தலாம். 1989-ல் பிரையன் ஃபாக்ஸின் 'பாஷ்'. 1990-ல் பிரின்ஸ்டன் மாணவர் பால் ஃபால்ஸ்டாட் எழுதிய 'இஸட் ஷெல்'. இதில்தான் 'வேரெட்' என்றொரு கட்டளை உண்டு. வேரியபிளின் பெயரைச் சொன்னால் போதும். உள்ளே இருப்பது அப்படியே திரையில் வந்து நிற்கும். வேண்டிய எழுத்தை மட்டும் மாற்றி என்டர் தட்டவேண்டியதுதான். பாஷில் இதே காரியத்துக்கு வழி பிறந்தது 2009-ல், நான்காம் பதிப்பில்.

நம் பக்கமும் இதில் தொடர்பு உண்டு. 2005-ல் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தின் ஏ.யு.-கே.பி.சி. ஆராய்ச்சி மையமும் சி-டாக் சென்னையும் சேர்ந்து, கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய மையத்தைத் தொடங்கின. அதையொட்டி வந்த 'பாஸ்' லினக்ஸ், 2011-க்குப் பிறகு தமிழக அரசின் இலவச லேப்டாப்களிலும் ஏறியது. ஆயிரம் ரூபாய் செலவில்லாமல் பாஷ் ஷெல் பள்ளிப் பிள்ளைகள் கைக்கு வந்தது அப்படித்தான்.

ஒரு எச்சரிக்கை. இப்படித் திருத்துவது அந்த ஜன்னலோடு சரி. மூடினால் பழைய மதிப்புதான். நிலைக்கவேண்டுமென்றால் ஷெல்லின் தொடக்கக் கோப்பில் எழுதிவைக்க வேண்டும். ஆனால் இதிலும் ஒரு லாபம். தாறுமாறாகத் திருத்திவிட்டீர்களா? மூடிவிட்டுப் புதிதாகத் திறங்கள். புதுத் தாள்கூட வேண்டாம்.