வட்டுக்கோட்டையில் விஞ்ஞானம் படித்தவர்கள் எங்கே போனார்கள்?

ஓ/எல் முடிச்ச பிள்ளையிட்ட ‘இனி என்ன செய்யப் போறாய்?’ எண்டு கேட்டால், எங்கட பக்கம் இரண்டு பதில்தான் வரும். பயோ படிச்சு டாக்குத்தர், இல்லாட்டி மத்ஸ் படிச்சு இஞ்சினியர். பிறகு கொழும்பு, அல்லது வெளிநாடு. கலைப்பீட மாணவியான எனக்கு இது புதுப் பிரச்சினையாகத் தெரியவில்லை. வட்டுக்கோட்டையில் இது ஏறத்தாழ 200 வருடத்துக் கதை.

இன்று யாழ்ப்பாணக் கல்லூரி இருக்கிற வட்டுக்கோட்டையில் 1823இல் அமெரிக்க மிஷனரிமார் பட்டிக்கோட்டா செமினரியைத் தொடங்கினார்கள். முதல் அதிபர் டானியல் பூவர். நோக்கம் மதம் பரப்புவதுதான். ஆனாலும் கணிதமும் வானியலும் அங்கே தீவிரமாகப் படிப்பிக்கப்பட்டன.

அப்போது ஊரில் விஞ்ஞானத்தோடு சேர்ந்த ஒரு தொழில் ஏற்கெனவே இருந்தது: பஞ்சாங்கம் கணித்தல். 1829இல் ஒரு சந்திர கிரகணத்தை வைத்து, விசுவநாத சாஸ்திரியாரின் கணிப்பும் செமினரியின் கணிப்பும் ஒப்பிடப்பட்டன. செமினரியின் கணிப்பே சரியாக வந்தது. மிஷனரிமார் இதைத் தங்கட வெற்றியாகக் கொண்டாடினார்கள். ஆனால் பிறகு அதிபரான ஹொய்சிங்டன், இந்து வானியல் முறையைத் தானே கற்று, 1848இல் மொழிபெயர்ப்போடும் குறிப்புகளோடும் நூலாக வெளியிட்டார்.

செமினரி மாணவர் கரோல் விசுவநாதபிள்ளை தமிழில் ‘வீசகணிதம்’ எழுதினார். பிறகு அவரும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் ஆனார்கள். ஆனால் செமினரி 1855இலேயே மூடப்பட்டுவிட்டது. ஆங்கிலம் படித்த பெடியள் அரசாங்க உத்தியோகம் தேடிப் போய்விடுகிறார்கள் என்பது மிஷனின் மனக்குறைகளில் ஒன்று.

இதே குறையை வேறு விதமாகத் தீர்க்கப் பார்த்தவர் டாக்டர் சாமுவேல் கிறீன். 1847இல் இங்கே வந்து, மானிப்பாயில் மருத்துவம் படிப்பித்தார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் சம்பளத்துக்காக வெளியே போவார்கள், தமிழில் படித்தால் ஊர்ச் சனத்துக்கு வைத்தியம் செய்வார்கள் எண்டு நினைத்தார். 1860களில் தமிழிலேயே வகுப்பு நடத்தினார், நூல்களை மொழிபெயர்த்தார். 1873இல் அவர் திரும்பிப் போகும்போது 60க்கு மேற்பட்ட வைத்தியர்கள் உருவாகியிருந்தார்கள். பெண்பிள்ளைகளுக்கு அந்த வகுப்பில் இடமில்லை என்பதையும் சொல்லத்தான் வேணும்.

மாணவரை ஊரில் கட்டிப்போட மொழியை மதிலாக்குவது சரியா? எனக்கு உடன்பாடில்லை. ஆனால் கிறீனின் மாணவன் படிக்கும்போதே நோயாளியைப் பார்த்தான், தன் வேலை எங்கே என்பது அவனுக்குத் தெரிந்தது. இன்றைய பிள்ளைக்குத் தெரிவது பாஸ்ட் பேப்பரும் இசட் ஸ்கோரும்தான்.

ஊரிலே வேலை இல்லாமலில்லை. எங்கட கிணறுகள் சுண்ணாம்புக்கல் நிலத்தடி நீரை நம்பியிருக்கின்றன. உரத்திலிருந்து வருகிற நைத்திரேற்று அதிலே கலக்கிறது. பளையில் காற்றாலைகள் சுழலுகின்றன. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் இருக்கிறது. இதெல்லாத்துக்கும் டாக்குத்தர், இஞ்சினியர் மட்டும் போதாது. நீர் பரிசோதிக்கிறவர், நிலம் அளக்கிறவர், இயந்திரம் திருத்துகிறவர் எல்லாரும் வேணும்.

பாடத்துறை தெரிவு செய்ய முதல், பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளை ஒரு நாள் இந்த இடங்களுக்குக் கூட்டிக்கொண்டு போவோம். தங்கட வீட்டுக் கிணற்றுத் தண்ணியை ஒரு போத்தலில் கொண்டுவந்து, அதைச் சோதிக்கிறவரிட்டக் கேள்வி கேட்கட்டும். பிறகு போறதோ இருக்கிறதோ, அவையளே முடிவெடுக்கட்டும்.