திருமுக்கூடல் சுவர் சொல்லும் சேதி

நாம் குடியிருக்கும் சுனாபட்டிக்கு அப்பெயர் வந்தது சுண்ணாம்புக் காளவாய்களால். காளவாய்கள் போய்விட்டன; பெயர் நின்றது. கட்டடம் போய் எழுத்து நின்ற ஒரு சிறு கிராமத்தைப் பற்றி அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

காஞ்சிபுரம் மாவட்டத்தில், பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கலக்குமிடம் திருமுக்கூடல். எதிர்க்கரையில் பழைய சீவரம். இங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலின் கற்சுவரில் வீரராஜேந்திர சோழன் (ஆட்சி 1063–1070) காலத்து நீண்ட சாசனம் ஒன்று உள்ளது. கே.வி. சுப்பிரமணிய அய்யர் அதைப் படித்துப் பதிப்பித்தார்.

கோயிலைச் சார்ந்து ரிக், யஜுர் வேதங்களும் வியாகரணமும் கற்பிக்கும் பாடசாலை, மாணவர் விடுதி, 15 படுக்கைகள் கொண்ட 'வீரசோழன்' என்னும் ஆதுலசாலை ஆகியவை நடந்தன. மாணவருக்குப் பாய், இரவு விளக்கு, சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வரை கணக்கு எழுதியிருக்கிறார்கள். அரசாங்க உத்தியோகத்தில் காலம் கழித்த எனக்கு இதைவிட ஒழுங்கான பட்ஜெட் பார்த்த நினைவில்லை!

வைத்தியர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டனுக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல், கூடவே காசு. சல்லியக்கிரியை செய்பவருக்கு 30 கலம். மூலிகை கொண்டுவர இருவர், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள், நாவிதர் என்று எல்லோருக்கும் படி உண்டு. தசமூல ஹரீதகி, லசுனாதி ஏரண்ட தைலம், கல்யாண லவணம் என்று ஏறக்குறைய 20 மருந்துகளை இருப்பில் வைக்க வேண்டும். ஹரீதகி நம் வீட்டுக் கடுக்காய்தான். லசுனம் பூண்டு, ஏரண்டம் ஆமணக்கு.

விடுதியும் ஆதுலசாலையும் இன்று இல்லை. கல்லில் வெட்டிய எழுத்து மட்டும் இராவிட்டால், அவை இருந்தன என்பதே நமக்குத் தெரிந்திராது.

இதைப் படித்தபோது மனம் உறுத்தியது. சில வருஷங்களுக்கு முன் எங்கள் பூர்வீக கிராமத்துக் கோயில் கும்பாபிஷேகத்துக்கு நானும் பணம் அனுப்பினேன். போய்ப் பார்த்தால், சிறு வயதில் விரலால் தடவிப் பார்த்த எழுத்துகளின்மேல் பளபளவென்று டைல்ஸ்! என்ன எழுதியிருந்தது என்று எவரும் படி எடுத்து வைக்கவில்லை. அந்த டைல்ஸில் என் காசும் இருக்கிறது.

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊர்க் கோயில் திருப்பணிக்குத் தாராளமாகக் கொடுங்கள். கொடுக்குமுன், "சுவரில் எழுத்து இருக்கிறதா? படம் எடுத்தாயிற்றா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்கவில்லை.