பதுங்கு விளம்பரம்: நிகழ்ச்சிச் சந்தைப்படுத்தலின் மறுபக்கம்

ஊர்த் திருவிழாவுக்குப் பந்தல் போட்டுக் கொடுத்தவர் பெயர் பந்தலில் தொங்குவது வழக்கம். பணம் கொடுக்காத ஒருவர் பந்தல் வாசலில் தன் கடைப் பலகையை நட்டு வைத்தால் என்ன ஆகும்? விழாவுக்கு வந்தவர்கள் அவரும் உபயதாரர்களில் ஒருவர் என்றே நினைப்பார்கள். இதே கதைதான் உலக விளையாட்டுப் போட்டிகளிலும் நடந்து வருகிறது. இதற்கு ஆங்கிலத்தில் அம்புஷ் மார்க்கெட்டிங் என்று பெயர். தமிழில் பதுங்கு விளம்பரம் எனலாம். இது எப்படித் தோன்றியது, யாரைப் பாதித்தது என்பதைப் பார்ப்போம்.

மான்ட்ரியால் கற்பித்த பாடம்

1976ஆம் ஆண்டு கனடாவின் மான்ட்ரியால் நகரில் ஒலிம்பிக் போட்டி நடந்தது. இந்தப் போட்டிக்கு 628 ஸ்பான்சர்களும் பொருள் வழங்குவோரும் இருந்தனர். கூட்டம் பெரிதாக இருந்ததே தவிர வருமானம் பெரிதாக இல்லை. யார் வேண்டுமானாலும் ஒலிம்பிக் பெயரைப் பயன்படுத்தலாம் என்றால் அதற்கு அதிக விலை கொடுக்க யார் முன்வருவார்கள்? போட்டி விட்டுச் சென்ற சுமார் 150 கோடி கனடா டாலர் கடனை அடைத்து முடிக்க 2006 வரை ஆயிற்று.

இதைப் பார்த்துப் பல நகரங்கள் பயந்தன. 1984 போட்டியை நடத்த இறுதியில் களத்தில் இருந்தது லாஸ் ஏஞ்சலஸ் மட்டுமே. அந்நகர மக்களும் ஒலிம்பிக்குக்கு நகராட்சிப் பணத்தைச் செலவழிக்கக் கூடாது என்று 1978இல் வாக்களித்து விட்டனர்.

லாஸ் ஏஞ்சலஸ் 1984

போட்டியை நடத்தும் பொறுப்பு, பயண நிறுவனம் நடத்தி வந்த பீட்டர் யூபரோத் என்பவரிடம் வந்தது. அவர் ஸ்பான்சர்களின் எண்ணிக்கையைக் கூட்டவில்லை, குறைத்தார். ஒரு துறைக்கு ஒரே நிறுவனம் என்று விதித்தார். முதன்மை ஸ்பான்சர்கள் 34 பேர் மட்டுமே. குறைந்தபட்சத் தொகை 40 லட்சம் டாலர். தொலைக்காட்சி உரிமையை ஏபிசி நிறுவனம் 22.5 கோடி டாலருக்கு வாங்கியது. முடிவில் சுமார் 23 கோடி டாலர் மிச்சமானது.

ஆனால் ஒருவருக்கு மட்டும் கதவைத் திறந்தால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? புகைப்படச் சுருள் பிரிவில் அமெரிக்காவின் கோடக் தயங்கியது. ஜப்பானின் ஃபியூஜி இடத்தைப் பிடித்தது. உடனே கோடக், ஏபிசியின் ஒளிபரப்புக்கும் அமெரிக்கத் தடகள அணிக்கும் ஸ்பான்சர் ஆனது. வீட்டிலிருந்து பார்த்த நேயர்களுக்கு ஒலிம்பிக் ஸ்பான்சர் கோடக் என்றே தோன்றியிருக்கும். பதுங்கு விளம்பரத்தின் முதல் பெரிய உதாரணமாக இதையே குறிப்பிடுவர். ஆக, தனியுரிமை பிறந்த அன்றே அதைத் தாண்டிக் குதிக்கும் வழியும் பிறந்து விட்டது.

இந்தியாவில் 1996

1996 உலகக் கோப்பைக் கிரிக்கெட் இந்தியா, பாகிஸ்தான், இலங்கை ஆகிய மூன்று நாடுகளில் நடந்தது. அதிகாரபூர்வக் குளிர்பானம் கோகோ கோலா. பணம் கட்டாத பெப்சியோ, சச்சின் டெண்டுல்கர் உள்ளிட்ட வீரர்களை வைத்து "நத்திங் அஃபிஷியல் அபவுட் இட்" என்ற விளம்பரத்தை வெளியிட்டது. அதிகாரபூர்வம் என்ற சொல்லையே கேலிப் பொருளாக்கிய விளம்பரம் அது. கோப்பையை வென்றது இலங்கை. ஆனால் இந்திய ரசிகர்களின் வாயில் அதிகம் புரண்டது பெப்சியின் வாசகம்தான்.

அதே ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில் ஸ்பான்சர் அல்லாத நைக்கி, மைக்கேல் ஜான்சனுக்குத் தங்கநிறக் காலணி அணிவித்தது. அவர் 200 மீட்டரை 19.32 வினாடியில் ஓடி உலக சாதனை படைத்தபோது எல்லாக் கேமராக்களும் அந்தக் காலணியைத்தான் காட்டின.

சட்டம் வந்தது

இதன் பிறகு அமைப்பாளர்கள் கடுமையாயினர். 2002இல் கொழும்பில் நடந்த சாம்பியன்ஸ் கோப்பைக்கு முன்பு, ஐசிசி ஸ்பான்சர்களுக்குப் போட்டியான நிறுவனங்களின் விளம்பரங்களில் வீரர்கள் தோன்றக் கூடாது என்று ஒப்பந்தம் வந்தது. ஏற்கெனவே விளம்பர ஒப்பந்தம் செய்திருந்த இந்திய வீரர்கள் கையெழுத்திட மறுத்தனர். கடைசி நேரச் சமரசத்தால்தான் முதல்நிலை அணி விளையாடியது.

2003 உலகக் கோப்பையை முன்னிட்டுத் தென்னாப்பிரிக்கா பதுங்கு விளம்பரத்துக்கு எதிராகச் சட்டத்தையே திருத்தியது. இந்தியாவில் நிலைமை வேறு. பொருள் வாங்கினால் உலகக் கோப்பை டிக்கெட் பரிசு என்று விளம்பரம் செய்த பிலிப்ஸுக்கு எதிராக ஐசிசி தரப்பு டெல்லி உயர் நீதிமன்றம் சென்றது. ஐசிசியின் சின்னம் பயன்படுத்தப்படவில்லை, மக்கள் ஏமாற வாய்ப்பில்லை என்று கருதிய நீதிமன்றம் தடை விதிக்க மறுத்தது.

2010 ஜூன் 14 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் நெதர்லாந்து, டென்மார்க் கால்பந்து ஆட்டத்தின்போது, ஆரஞ்சு நிற ஆடை அணிந்த 36 பெண்கள் அரங்கிலிருந்து வெளியேற்றப்பட்டனர். அது பவாரியா என்ற டச்சு பீர் நிறுவனத்தின் ஆடை. இரு பெண்கள் கைதாயினர். பின்னர் வழக்கு கைவிடப்பட்டது. ஆடையில் நிறுவனத்தின் பெயர் பெரிதாக இல்லை. கைது செய்ததால்தான் அப்பெயர் உலகம் முழுவதும் பரவியது!

2012 லண்டன் ஒலிம்பிக்கில் உருளைக்கிழங்கு வறுவல் விற்கும் உரிமை மெக்டொனால்ட்ஸுக்கு மட்டுமே இருந்தது. மற்ற கடைகள் மீனோடு சேர்த்துத்தான் அதை விற்கலாம். தொடக்க விழா வேலையாட்கள் முறையிட்ட பிறகே அவர்களுக்கு விதி தளர்த்தப்பட்டது. போட்டிக் காலத்தில் சொந்த ஸ்பான்சர்களுக்கு விளம்பரம் தரக் கூடாது என்ற ஒலிம்பிக் 40ஆம் விதியை எதிர்த்து வீரர்களும் அதே ஆண்டு குரல் எழுப்பினர். 2019இல் ஜெர்மனியின் போட்டி ஒழுங்குமுறை அமைப்பு தலையிட்ட பின்பு அவ்விதி மேலும் தளர்ந்தது.

முடிவுரை

பெரும் பணம் கொடுத்தவரின் உரிமையைக் காக்க வேண்டும் என்பது நியாயமே. இல்லாவிட்டால் மான்ட்ரியால் போலக் கடன் மக்கள் தலையில் விழும். ஆனால் பார்வையாளர் என்ன உடுத்த வேண்டும், வேலையாள் என்ன சாப்பிட வேண்டும், வீரர் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்பது வரை அந்த உரிமை நீளும்போது கேள்வி எழுகிறது. பந்தலுக்குப் பணம் கொடுத்தவர் பந்தலில் பெயர் போட்டுக் கொள்ளலாம். திருவிழா முழுவதும் அவருடையதாகி விடாது. ஓடுபவரும் பார்ப்பவரும் இல்லாவிட்டால் விற்பதற்கு அங்கே ஒன்றுமே இருக்காது.