நிலம் கைமாறியது, ஆலை மாறவில்லை: யுகடானின் நார்ப்பண்ணைகள்

மெக்சிகோவின் யுகடான் தீபகற்பத்தில், மெரிடாவிலிருந்து ஊஷ்மால் போகும் சாலையில் இருக்கும் யாஷ்கோபோயில் பண்ணை இன்று ஓர் அருங்காட்சியகம். 17ஆம் நூற்றாண்டில் தோன்றி, மாட்டுப் பண்ணையாக இருந்து, பிறகு ஹெனெக்கேன் என்னும் நார்க்கற்றாழையால் கொழித்த இடம் அது. ஒருகாலத்தில் அதன் பரப்பு 22,000 ஏக்கர். இத்தகைய பண்ணைகளின் வீழ்ச்சிக்கு அயல்நாட்டுப் போட்டியும் செயற்கை இழையுமே காரணம் என்பது வழக்கமான விளக்கம். பண்ணையின் இயந்திரக் கொட்டகையைக் கவனிக்காத விளக்கம் அது.

செடியின் இயல்பிலேயே சிக்கல் தொடங்குகிறது. நம்மூர் ரயில் பாதையோர ஆனைக்கற்றாழைக்கு நெருங்கிய உறவான ஹெனெக்கேன், நட்டு ஆறேழு ஆண்டுகள் கழித்தே முதல் அறுப்புக்கு வரும். பிறகு பல ஆண்டுகள் பலன் தரும். நூறு கிலோ மடலை உரித்தால் கிடைப்பது நாலைந்து கிலோ நார். மற்றதெல்லாம் சக்கையும் சாறும். வெட்டிய மடல் காய்வதற்குள் உரித்தாக வேண்டும். எனவே மடலைத் தொலைதூரம் சுமந்துபோனால் கட்டுப்படியாகாது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஹோசே எஸ்தேபான் சோலிஸ் உருவாக்கிய நார் உரிக்கும் சக்கரம் நீராவியோடு சேர்ந்ததும், ஒவ்வொரு பெரும்பண்ணையும் வயல் நடுவே ஓர் ஆலையாயிற்று. கோவேறு கழுதைகள் இழுத்த வண்டிகள் குறுகிய தண்டவாளங்களில் மடலைக் கொண்டுவந்து கொட்டின.

அமெரிக்கக் கோதுமை வயல்களில் கதிர்க்கட்டு முடியும் இயந்திரம் பரவியதும் ஹெனெக்கேன் நாரில் திரித்த கட்டுக்கயிற்றுக்கு அளவற்ற தேவை எழுந்தது. 1902இல் அவ்வியந்திரங்களைச் செய்யும் அமெரிக்க நிறுவனமான இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் பிறந்தது. அதே ஆண்டில் யுகடானின் ஆளுநரான ஒலேகாரியோ மோலினாவின் வணிக நிறுவனம் அதனுடன் ரகசிய ஒப்பந்தம் செய்தது. விலையை அழுத்திய இந்தக் கூட்டை ஆலன் வெல்ஸ், கில்பர்ட் ஜோசப் ஆகிய வரலாற்றாளர்கள் விரிவாக ஆராய்ந்துள்ளனர்.

விலைச் சுமை இறங்கியது உழைப்பாளர்மேல். மாயா மக்களுக்குப் பண்ணையில் இரண்டு கணக்குகள்: திருமணம் போன்றவற்றுக்குப் பெருங்கடன், அன்றாடச் சாமான்களுக்குச் சிறுகடன். பெருங்கடன் அடைபடுவது அரிது. கொத்தடிமை என்ற நம் சொல் இங்கே அப்படியே பொருந்தும். ஆள் போதாதபோது வடமெக்சிகோவின் சொனோராவிலிருந்து யாக்கி மக்கள் வலுக்கட்டாயமாகக் கொண்டுவரப்பட்டனர். 1905இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கொரியர்கள் கப்பலேறி வந்தனர்.

மெக்சிகோ புரட்சி இதை அசைத்தது. 1915இல் யுகடானுக்கு வந்த புரட்சித் தளபதி சால்வதோர் அல்வராதோ கடன் ரத்தை நடைமுறைப்படுத்தினார். 1937 ஆகஸ்ட்டில் அதிபர் லாசரோ கார்தெனாஸ் பண்ணை நிலங்களை எகிதோ என்னும் கூட்டுடைமையாக உழவர்களுக்குப் பிரித்தளித்தார்.

இங்கேதான் பிழை நேர்ந்தது. பழைய உடைமையாளர்களிடம் 150 ஹெக்டேர் ஹெனெக்கேன் நிலம் எஞ்சியது. உரிக்கும் இயந்திரங்களும் பெரும்பாலும் அவர்களிடமே தங்கின. மடல் உழவருடையது, அதை நாராக்கும் சக்கரம் பண்ணையாருடையது. காத்திருந்தால் காய்ந்துபோகும் சரக்கை வைத்துக்கொண்டு உரிப்புக் கூலிக்குப் பேரம் பேச முடியுமா? இன்னொரு கேடும் நேர்ந்தது. இளஞ்செடி, விளைசெடி, முதிர்செடி மூன்றும் கலந்திருந்தால்தான் வருமானம் தொடரும். அவசர அளவையில் சில எகிதோக்களுக்கு முதிர்ந்தவை மட்டுமே கிடைத்தன. சிலவற்றுக்கு இன்னும் அறுப்புக்கு வராதவை. இடைவெளியை அரசு வங்கியின் வாராந்திர முன்பணம் நிரப்பியது. கணக்குப்புத்தகம் பண்ணைக் கடையிலிருந்து வங்கிக்குப் போனது.

போட்டி பொய்யல்ல. 1893இல் ரிச்சர்ட் ஹின்டார்ஃப் ஃபுளோரிடாவிலிருந்து ஜெர்மானியக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பச் செய்த, ஹெனெக்கேனுக்கு உறவான சிசல் கன்றுகளில் 62 மட்டுமே பிழைத்தன. பின்னாளில் தாங்கனீகா எனப்பட்ட அந்நிலத்தின் பெருந்தொழில் அவற்றிலிருந்தே வளர்ந்தது. அறுப்பையும் கதிரடிப்பையும் ஒருசேரச் செய்யும் இயந்திரமும் கயிற்றின் தேவையைக் குறைத்தது. ஆனால் பாலிபுரோப்பிலீன் கயிறு சந்தையைப் பிடித்தது 1960களுக்குப் பிறகு. அதற்குள் எகிதோக்கள் கால் நூற்றாண்டாகக் கடனில் இருந்தன. 1964இல் அரசு கோர்தெமெக்ஸ் என்னும் நார்த்தொழில் நிறுவனத்தை முழுதாகத் தன்வசமாக்கியும் நிலை சீராகவில்லை. 1990களின் தொடக்கத்தில் அதுவும் கலைக்கப்பட்டது. செயற்கை இழை இந்தத் தொழிலை முடித்துவைத்தது. நோய் 1937இன் பங்கீட்டிலேயே இருந்தது.