மெல்லிசையின் இடம்

1925இல் டென்மார்க்கின் அரசு வானொலி பிறந்தபோது அதன் பொறுப்பு எமில் ஹோல்ம் என்பவரிடம் வந்தது. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ஓபரா பாடிப் பேர் வாங்கியவர் அவர். வானொலிக்கென்று அவர் சேர்த்த இசைக்குழுவில் தொடக்கத்தில் இருந்தவர்கள் 11 பேர்தான். அது வளர்ந்து முழு சிம்பனி இசைக்குழுவாகி, 1930களில் நாஜிகள் ட்ரெஸ்டன் ஓபராவிலிருந்து விரட்டிய ஃபிரிட்ஸ் புஷ் வந்து நடத்தும் அளவுக்கு உயர்ந்தது. 1939இல் கேளிக்கை இசையான மெல்லிசைக்கென்று இன்னொரு குழு தனியாக அமைந்தது. ஓபராவும் சிம்பனியும் ஒரு வீட்டுக்கு, வால்ட்ஸ், கேலப் போன்ற நடன இசை பக்கத்து வீட்டுக்கு என்று பாகப்பிரிவினை நடந்தேறியது. அது நிகழ்ச்சி நிரலின் வசதிக்காகப் போட்ட வரப்பு. பின்னால் வந்தவர்கள் அதையே கலையின் உயர்வு தாழ்வைக் காட்டும் எல்லைக்கல்லாக எடுத்துக்கொண்டது பிழை என்பதே என் வாதம்.

எஞ்சி நிற்கும் ஒலிப்பதிவுகளைக் காட்டி மறுப்பவர்கள் உண்டு. பழைய ஓபரா ஒலிபரப்புகள் இன்றும் தேடிக் கேட்கப்படுகின்றன. வானொலி மெல்லிசையை அப்படி யார் தேடுகிறார்கள் என்பது அவர்கள் கேள்வி. ஆனால் எது காப்பாற்றப்பட்டது, ஏன் என்று பார்க்க வேண்டும். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபரா 1931 கிறிஸ்துமஸ் நாளில் முறையான ஒலிபரப்பைத் தொடங்கியது. கோபன்ஹேகனில் பிறந்த லவுரிட்ஸ் மெல்கியோர் அங்கே பாடிய வாக்னர் ஓபராக்களை இன்று நாம் கேட்க முடிவது அந்த ஒலிபரப்புகளைத் தட்டில் பிடித்து வைத்தவர்களால்தான். அந்தத் தட்டு, அலுமினியத் தகட்டின் மேல் அரக்குப் போன்ற கறுப்புப் பூச்சு பூசியது. ஊசி பள்ளம் வெட்ட வெட்ட, முடியிழை போல் சுருண்டு வரும் சீவலைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். பெரிய தட்டிலும் ஒரு பக்கத்துக்குக் கால் மணி நேரம்தான் கொள்ளும். இவ்வளவு பாடும் செலவும் ஏற்றவர்கள், திரும்ப வராது என்று நினைத்ததைத்தான் பிடித்து வைப்பார்கள். ஓபரா ஓர் இரவின் அரிய நிகழ்வு. மெல்லிசையோ நாளையும் வரும். தினமும் வந்ததாலேயே அதைப் பிடித்து வைக்க யாருக்கும் தோன்றவில்லை. மௌனமாகிப் போனது என்பதால் மதிப்பற்றது என்று தீர்ப்பெழுதுவது நியாயமா?

மெல்லிசை எளிது, அதில் ஆய்வதற்கு என்ன இருக்கிறது என்பது அடுத்த மறுப்பு. ஹான்ஸ் கிறிஸ்டியன் லும்பியின் ‘ஷாம்பெயின் கேலப்’பை எடுத்துக்கொள்வோம். கோபன்ஹேகனின் திவோலி பூங்காவுக்காக 1845இல் எழுதப்பட்டது. இரண்டு நிமிடம் சொச்சம் ஓடும். போத்தலின் தக்கை தெறிக்கும் ஓசையைத் தாளவாத்தியக்காரர் எழுப்புகிறார். அது ஓர் இமை முந்தினாலும் பிந்தினாலும் அந்தக் குதூகலமே கெட்டுவிடும். வயலின்கள் எவ்வளவு துள்ள வேண்டும், எங்கே கடிவாளத்தைச் சற்று இழுக்க வேண்டும் என்பதெல்லாம் இசைத்தாளில் இல்லை. வாசிப்பவர் கையில் இருக்கிறது. ஓபராவின் ஏட்டையாவது பாடகரின் குரல் நினைவும் விமர்சனங்களும் சூழ்ந்திருக்கும். மெல்லிசைக்கு அந்தத் துணையும் இல்லை. ஆகவே, பழைய ஒலிபரப்பு தட்டில் கிடைத்தால் அதன் அருமை கூடுமே தவிரக் குறையாது.

மக்கள் உரிமக் கட்டணத்தில் நடந்த வானொலி, அவர்கள் தாமாகத் தேடிப் போகாத அரிய இசையைத்தானே கொடுக்க வேண்டும் என்ற வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஹோல்ம் சிம்பனிக் குழுவை வளர்த்ததன் நியாயம் அதுதான். ஆனால் மெல்லிசைக் குழுவின் பிற்கால வரலாறு அந்த வாதத்தை அசைக்கிறது. 1990களின் இறுதியிலிருந்து அதை நடத்திய ஆடம் ஃபிஷர், அந்தக் குழுவைக் கொண்டே மொசார்ட்டின் சிம்பனிகள் முழுவதையும் பதிவு செய்தார். மெல்லிசையில் பழகிய அளவான குழுவின் லேசான கைவாகும் துள்ளலும் மொசார்ட்டுக்கு அச்சாகப் பொருந்தின.

2014இல் சிக்கனம் என்ற பெயரில் டேனிஷ் ஒலிபரப்பு நிறுவனம் வெட்டியது இந்தக் குழுவைத்தான். சிம்பனிக் குழு நீடித்தது. 1939இல் போட்ட வரப்பு 75 ஆண்டுக்குப் பிறகும் யாருடைய தலைக்கு மேல் கத்தி என்பதைத் தீர்மானித்தது. இசைஞர்கள் கலைந்து போகவில்லை. தனியார் நன்கொடை திரட்டி, அதே ஃபிஷரின் கீழ் பீத்தோவனின் ஒன்பது சிம்பனிகளையும் பதிவு செய்து வெளியிட்டார்கள்.