தைராய்டு மிகைச் சுரப்பு: ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் அதன் குறிகளை அறிதல்

தைராய்டு மிகைச் சுரப்பு என்பது, முன்கழுத்தில் குரல்வளைக்குச் சற்றுக் கீழே அமைந்த தைராய்டுச் சுரப்பி, சரீரத்தின் தேவைக்கு மேலாக டி3, டி4 என்னும் சுரப்புநீர்களை இரத்தத்தில் கலப்பதனால், உண்ட உணவு எரியும் வேகமும் இருதயத்தின் துடிப்பும் நரம்புகளின் கிளர்ச்சியும் ஒருங்கே மிகுந்துவிடும் நிலையாகும். இதன் பிரதான காரணமாகிய கிரேவ்ஸ் வியாதியை அயர்லாந்து மருத்துவர் ராபர்ட் கிரேவ்ஸ் 1835-இலும், ஜெர்மானியரான பாசடோ 1840-இலும் விவரித்தனர். அது ஆண்களைவிடப் பெண்களையே பன்மடங்கு அதிகமாகப் பீடிக்கிறது.

கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் அமைந்து, மார்கழி விடியலில் கம்பளிச் சட்டையை வேண்டி நிற்கும் ஓசூரில், மற்றவர் யாவரும் குளிரில் ஒடுங்கியிருக்க ஒருவர் மட்டும் மின்விசிறியின் கீழ் வியர்த்திருப்பாராயின், அது அலட்சியம் செய்யத்தகாத லக்ஷணமாகும். சிப்காட் தொழிற்பேட்டையிலும் அதைச் சூழ்ந்த ஆலைகளிலும் இரவும் பகலும் முறைவைத்து உழைப்போரிடம் தூக்கமின்மை, படபடப்பு, எரிச்சல், மெலிவு ஆகியவை தோன்றும்போது, ‘நைட் ஷிப்ட் ஒத்துக்கொள்ளவில்லை’ என்று வீட்டார் சமாதானம் கொள்வது சகஜமே. எனினும் பணிக்களைப்பு சில நாள் ஓய்வில் தணிய, தைராய்டினால் எழும் துடிப்போ விடுமுறையிலும் உறக்கத்திலும்கூடத் தணிவதில்லை. அமர்ந்திருக்கையிலேயே நாடி நிமிஷத்துக்கு 100-ஐத் தாண்டுதல், பசி பெருகியும் எடை இறங்குதல், நீட்டிய விரல்களில் மெல்லிய நடுக்கம், அடிக்கடி மலம் கழிதல், மாதவிலக்கு குறைதல், குந்தி அமர்ந்தவர் கையூன்றாமல் எழ இயலாமை ஆகியவற்றுள் சில சேர்ந்து காணப்படின் சந்தேகம் வலுப்பெறும். கழுத்து வீக்கம் எல்லோரிடத்தும் புலப்படுவதில்லை. கண்கள் பிதுங்கி, மேலிமை ஏறி நிற்பது கிரேவ்ஸ் வியாதிக்குரிய விசேஷக் குறி. புகைபிடித்தல் அதை உக்கிரமாக்கும்.

உடலுழைப்பால் வாழும் வாலிபர் அறியவேண்டிய மற்றொரு வடிவமும் உண்டு. கடின வேலைக்குப் பின் வயிறு நிறையச் சோறுண்டு படுத்தவர், பின்னிரவில் விழித்துக் கால்களை அசைக்க முடியாமல் திகைப்பார். இரத்தத்தில் பொட்டாசியம் திடீரெனத் தாழ்வதால் நேரும் இவ்வாதம், ஆசிய நாட்டு ஆண்களிடம் அதிகமாகக் காணப்படுவது. இதனைப் பக்கவாதமென்றோ தெய்வக்குற்றமென்றோ கருதிக் காலம் கடத்துவது உயிருக்கே அபாயம். அன்றிரவே மருத்துவமனை சேர்ப்பதே முறை.

முதியோரிடத்தில் இந்நோய் வேறு வேஷம் பூணும். பரபரப்புக்குப் பதிலாகச் சோர்வும் பசியின்மையும் தாறுமாறான இருதயத்துடிப்புமே எஞ்சும்.

2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தால் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் வீட்டு வாசலிலேயே சோதிக்கப்படுகின்றன. மெலிந்தவரின் சர்க்கரை அளவு சரியாயிருக்கக் கண்டு நிம்மதியடைவதோடு நில்லாமல், நாடியையும் எண்ணிப் பார்த்தல் நலம். இரத்தப் பரிசோதனையில், தைராய்டைத் தூண்டும் சுரப்புநீராகிய டிஎஸ்எச் தாழ்ந்தும் டி4 அல்லது டி3 உயர்ந்தும் இருப்பின் நோய் உறுதியாகும். மாத்திரை, கதிரியக்க அயோடின், அறுவை ஆகிய மூன்றும் பயனுள்ள சிகிச்சைகளே. தைராய்டுச் சுரப்பைத் தணிக்கும் கார்பிமசோல் மாத்திரை உட்கொள்வோருக்குக் காய்ச்சலோ தொண்டைவலியோ கண்டால், மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே இரத்தத்தின் வெள்ளணுக்களை எண்ணிப் பார்க்கச் செய்தல் வேண்டும்.